முதல் பத்து நிமிடத் தண்ணீரைச் சம்புக்குள் விடாதீர்கள்

வடசென்னைக்குப் புழல் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும் காட்டுப்பள்ளி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் தண்ணீர் சுத்தமாகத்தான் கிளம்புகிறது. அது கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வீட்டு வாசலுக்கு வரும்போது நாறினால், பெரும்பாலும் கெட்டுப்போனது கடைசி நூறு, இருநூறு அடியில்தான். அந்தத் தூரத்தில் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிக்குமேல் வீட்டுக்குள் நுழையாமல் தடுத்துவிடலாம்.

தெருக்குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் இருப்பதில்லை. சில மணி நேரம் வரும், பிறகு நிற்கும். குழாய் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும்வரை, இணைப்பில் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். சப்ளை நின்று குழாய் காலியானதும் அதே ஓட்டை வழியே சுற்றியிருக்கும் ஈரம் உள்ளே இறங்கும். பக்கத்தில் போகும் பாதாள சாக்கடைக் குழாயும் கசிந்தால் இறங்குவது சாக்கடை. மறுநாள் சப்ளை வரும்போது அது முதல் ஆளாக உங்கள் வீட்டுத் தரையடித் தொட்டியான சம்புக்குள் வந்து விழுகிறது.

இதில் மோட்டார் ஒரு வில்லன். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது விதிப்படி தவறு. ஒரு வீட்டு மோட்டார் ஓடினால் தெருக்குழாயின் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய், சப்ளை நேரத்திலேயே சாக்கடை இழுபடும். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறாரே என்று நீங்களும் போட்டால், இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்ந்தே வயிற்றுப்போக்கு வரும். பழைய அடி பம்பும் உறிஞ்சும் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதன் இழுவை அவ்வளவு மூர்க்கமானதல்ல.

இதற்கு மேல் வீடுகளின் வளர்ச்சி. ஒரு குடும்பம் இருந்த அரை கிரவுண்டில் இன்று மூன்று மாடி, ஆறு குடித்தனம். வாசலில் இருப்பது அதே அரை இஞ்சு இணைப்பு, சாக்கடைக்கு அதே நாலு இஞ்சு குழாய். குடிநீர்க் குழாயில் வரத்து குறைகிறது, சாக்கடைக் குழாய் முட்ட நிரம்பி ஓடுகிறது. ஒன்று காலி, மற்றது நிறைவு. கலப்பதற்கு இதைவிடத் தோதான நிலை வேண்டாம். 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் உள்ளே வந்தன. ஆனால் அதிகம் நாறுவது அந்தப் புதிய பகுதிகள் அல்ல. பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் கிடக்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம்தான்.

நாற்றம் தெரிந்தவுடன்

மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். சம்பு மட்டும் கெட்டிருந்தால் அரை நாள் வேலை. சின்டெக்ஸ் தொட்டிக்கும் உள்குழாய்களுக்கும் ஏறிவிட்டால் இரண்டு நாள். இரண்டாவது, சம்புக்கு வரும் வால்வை மூடுங்கள். மூன்றாவது, கெட்ட தண்ணீரை உடனே இறைத்துக் கொட்டிவிடாதீர்கள். எங்கிருந்து கலக்கிறது என்று கண்டுபிடிக்க அதில் ஒரு பாட்டில் வேண்டும்.

குடிக்க, சமைக்க, பல் துலக்க கொதிக்கவைத்த தண்ணீர்தான். குமிழி விட்டுத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். வெதுவெதுப்பாகச் சூடாக்குவதால் பயனில்லை. வீட்டில் யாருக்காவது பேதி தொடங்கியிருந்தால் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்மதிப்பில் கரைப்பது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஆபத்து. தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ காத்திராமல் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ கூட்டிப்போங்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இப்படி என்றால் அதையும் புகாரில் சொல்ல வேண்டும்.

எங்கே கலக்கிறது?

மூன்று இடங்கள்தான்: தெருக்குழாய், தெருவிலிருந்து உங்கள் சம்பு வரை வரும் இணைப்புக்குழாய், சம்பின் சுவர். இதைப் பிரித்தறியாமல் சம்பைக் கழுவினால் அடுத்த சப்ளையில் மறுபடியும் கழுவ வேண்டியதுதான்.

அடுத்த முறை தண்ணீர் வரும்போது ஐந்து நிறமற்ற பாட்டில்களைத் தயாராக வைத்திருங்கள். வரத்துக் குழாயின் வாயிலிருந்தே, சம்பில் விழுவதற்கு முன், தண்ணீர் வந்த நொடியில் ஒன்று, 5-ஆம், 10-ஆம், 20-ஆம் நிமிடங்களில் ஒவ்வொன்று பிடியுங்கள். ஐந்தாவது பாட்டில் பக்கத்து வீட்டின் முதல் தண்ணீருக்கு. ஒவ்வொன்றிலும் நேரத்தை எழுதி ஒட்டி, வெள்ளைத் தாளின் முன் வரிசையாக வையுங்கள்.

முதல் பாட்டில் கறுத்து, பத்தாவது நிமிடத்தில் தெளிந்தால், குழாய் காலியாக இருந்த நேரத்தில் இறங்கிய சாக்கடை அது. பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் தெருக்குழாய். அங்கே சுத்தமாக இருந்து உங்களுக்கு மட்டும் நாறினால் உங்கள் இணைப்புக்குழாய். வாசலில் சாக்கடைத் தொட்டியின் ஓரமாகவோ மழைநீர் வடிகாலைக் கடந்தோ போகும் துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை முதலில் சந்தேகப்படுங்கள். கடைசி வரை தெளியவே இல்லை என்றால் உடைப்பு பெரிது, பாட்டில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு நேரே புகார் கொடுங்கள்.

நான்கு பாட்டிலும் தெளிவு, ஆனால் சம்புத் தண்ணீர் மட்டும் நாற்றம் என்றால் சுவர். இரவு எல்லா வால்வையும் மூடி, மோட்டார் போடாமல், தண்ணீர் மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளியிலிருந்து ஊறுகிறது, இறங்கியிருந்தால் கசிகிறது. இறங்கினாலும் நிம்மதி வேண்டாம். இன்று வெளியே போகும் விரிசல் வழியாக ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது உள்ளே வரும். சோதனையைச் சம்பு கால்வாசி இருக்கும்போது செய்வது நல்லது. நிறைந்த சம்பில் உள்ளிருந்து அழுத்தம் இருப்பதால் ஊறுவது தெரியாது.

டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஒரு துப்பு கிடைக்கும். வரத்துத் தண்ணீரைவிடச் சம்புத் தண்ணீரில் அளவு கணிசமாக ஏறியிருந்தால், லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ நீங்கள் கலக்காத பட்சத்தில், ஏதோ ஊறுகிறது என்று பொருள். மற்றபடி அந்த மீட்டர் உப்பைத்தான் அளக்கும், கிருமியை அல்ல. 'டி.டி.எஸ். 200-தான், தைரியமாகக் குடிக்கலாம்' என்பது வடசென்னையின் பெரிய மூடநம்பிக்கைகளில் ஒன்று.

உண்மையில் உதவும் மலிவான சோதனை குளோரின். மீன்தொட்டி, நீச்சல்குளச் சாமான் விற்கும் கடைகளில் குளோரின் சோதனைச் சொட்டுமருந்து கிடைக்கும். தண்ணீரில் விட்டதும், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். சில நொடிகளிலேயே வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும், தாமதித்தால் நிறம் தவறாக ஏறும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அந்த மருந்து உடம்புக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்க வேண்டும். சாக்கடையிலுள்ள அம்மோனியாவும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் பக்கத்துத் தெருவில் மஞ்சள் வந்து உங்களுக்கு நிறமே வராமல் போனால், கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

கிருமி இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய ஆய்வகம்தான். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மாதிரிக்கான பாட்டிலை அங்கிருந்தே வாங்குங்கள். வீட்டில் கழுவிய பெப்சி பாட்டிலில் பிடித்தால் பாட்டிலின் கிருமிதான் முடிவாக வரும். ஐஸ் வைத்து அன்றே சேர்க்க வேண்டும்.

வரத்துக் குழாயில் செய்ய வேண்டிய வேலை

அரை இஞ்சுக் குழாய் 10 மீட்டர் நீளத்துக்குப் பிடிப்பது 2 லிட்டருக்கும் குறைவு. உங்கள் இணைப்புக்குழாயில் மட்டும் அழுக்கு இருந்தால் ஓரிரு மக் தண்ணீரில் வெளியேறிவிட வேண்டும். பத்து நிமிடம் நாறுகிறதென்றால் வருவது தெருக்குழாயின் சரக்கு. நாலு இஞ்சுத் தெருக்குழாய் 100 மீட்டரில் ஏறத்தாழ 785 லிட்டரைப் பிடிக்கும். தெருவில் 20 வீடு என்றால் வீட்டுக்கு 40 லிட்டர், இரண்டு பெரிய பக்கெட். அதைச் சம்புக்குள் விடாமல் பிடித்துக்கொள்ளவே கீழே சொல்லும் ஏற்பாடு. முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக்கு இது போதாது, தெரு முழுவதன் அழுக்கும் அங்கேதான் வந்து சேரும். அவர்கள் குழாயின் முனையைத் திறந்து கழுவிவிடச் சொல்லி மெட்ரோ வாட்டரின் பகுதி டெப்போவிடம் கேட்க வேண்டும்.

வேண்டிய சாமான்: இணைப்பின் அளவுக்கேற்ற (அரை அல்லது முக்கால் இஞ்சு) ஒரு டீ (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு), இரண்டு பால் (ball) வால்வு, ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது), ஒரு எல்போ, இரண்டடி யு.பி.வி.சி. குழாய். வரத்துக் குழாய் சம்புக்குள் நுழைவதற்கு முன் டீயைப் போடுங்கள். நேர்வழியில் ஒரு வால்வு, அதன்பின் நான்-ரிட்டர்ன் வால்வு, பிறகு சம்பு. பக்கவழியில் இன்னொரு வால்வு, அதிலிருந்து வெளியேற்றும் குழாய். தண்ணீர் வரும்போது நேர்வழி மூடி, பக்கவழி திறந்திருக்க வேண்டும். தெளிந்ததும் மாற்றுங்கள். பிடித்த தண்ணீரைக் கக்கூசுக்குப் பயன்படுத்தலாம்.

வடசென்னையில் சிக்கல் என்னவென்றால் தண்ணீர் தரைக்கு மேல் ஏறாது. அதனால் பிளம்பர் வழக்கம்போல் தரைக்கு ஓரடி மேலே வால்வை வைத்தால் பக்கவழியில் ஒரு சொட்டும் வராது. வரத்துக் குழாயின் மட்டத்திலேயே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து, செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசி, குழிக்குள் பக்கெட் வைக்கும் அளவுக்கு ஆழம் விடுங்கள். குழியின் விளிம்பு வாசல் தரையைவிட அரை அடி உயரமாக இருக்கட்டும், இரும்பு மூடி போடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையில் தெருத்தண்ணீர் குழியில் நிற்கும், மறந்துபோய்த் திறந்துவிட்ட பக்கவழி வால்வு அதை உறிஞ்சித் தெருக்குழாய்க்கே அனுப்பும். சப்ளை இல்லாத நேரத்தில் இரண்டு வால்வும் மூடியே இருக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சம்புக்குள் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் யாரோ மோட்டார் போடும்போது உங்கள் சம்பிலிருந்தே தண்ணீர் தெருக்குழாய்க்குப் போகும். குழாய் மூன்றடி ஆழத்தில் நுழைகிறது என்றால் சம்பு நிறையும் மட்டம் அதற்கு ஒரு சாண் கீழேயாவது நிற்கும்படி மிதவை வால்வை வையுங்கள். அந்த மூன்றடியும் வீண்தானே என்று தோன்றும். வீண்தான். லாரித் தண்ணீர் வாங்கும் நாளில் மட்டும், வரத்து வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்து அதை நிரப்பிக்கொள்ளலாம்.

சம்பைக் கழுவுவது

முதலில் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்: நீளம், அகலம், ஆழத்தை அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். ஆறடிக்கு ஐந்தடி, ஐந்தடி ஆழம் என்றால் 150 கன அடி, ஏறத்தாழ 4,250 லிட்டர்.

இறங்கும் முன் எச்சரிக்கை. சாக்கடை கலந்து மூடிக் கிடந்த சம்பில் விஷவாயு இருக்கலாம். அது அதிகமாகும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், ஆகவே 'நாற்றம் போய்விட்டது' என்பது பாதுகாப்பின் அடையாளம் அல்ல. எல்லா மூடிகளையும் திறந்து, தண்ணீரை வெளியிலிருந்தே இறைத்து, ஒரு மணி நேரமாவது டேபிள் ஃபேனால் மேலிருந்து காற்று அடித்தபின்தான் இறங்கலாம். ஃபேனைச் சம்புக்குள் தொங்கவிடக் கூடாது. மேலே ஒருவர் நிற்க வேண்டும், இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். அவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள், ஒன்றுக்கு இரண்டாக உயிர் போவது இப்படித்தான். கயிற்றால் இழுங்கள், 108-ஐ அழையுங்கள். ஆள் இறங்கும்போது உள்ளே இருக்கும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. அடியில் கணுக்கால் அளவு சேறும் மலமும் இருந்தால் நீங்கள் இறங்கவே வேண்டாம், உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்.

சேற்றை வாரியபின் தென்னைநார் பிரஷ்ஷால் சுவரையும் மூடியின் அடிப்பாகத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் இப்போதுதான் சிமெண்டும் நீர்க்கசிவுத் தடுப்புக் கலவையும் வைத்து அடைக்க வேண்டும்.

கிருமி நீக்க, சம்பை நிரப்பிக் குளோரின் போடச் சொல்வார்கள். நாலாயிரம் லிட்டரை அப்படிக் கொட்ட இங்கே யாரால் முடியும்? சுவரில் பூசும் முறையே போதும். 20 லிட்டர் பக்கெட்டில் 16 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது தலைதட்டிய நாலு டீஸ்பூன். முதலில் பசையாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவைத்து மேலாக எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மேலிருந்தே நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் எல்லாச் சுவரிலும் நனையப் பூசி, அரை மணி நேரம் விட்டுக் கழுவி இறைத்துவிடுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. கறை போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் மூடிய சம்புக்குள் குளோரின் வாயு கிளம்பும்.

மேல்தொட்டிக்கும் குழாய்களுக்கும் ஏறியிருந்தால், சம்பில் 500 லிட்டர் விட்டு 100 கிராம் பவுடரைக் கரைத்து ஊற்றி மேலே ஏற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். ஷவர், வாஷிங் மெஷின் வழி எதையும் விடாதீர்கள். ஆர்.ஓ.வுக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவையுங்கள், குளோரின் அதன் மெம்பரேனைத் தின்றுவிடும். ராத்திரி முழுக்க நிற்கட்டும். காலையில் இறக்கி, தரை கழுவப் பயன்படுத்துங்கள். சாக்கடை உள்ளே போயிருந்தால் ஆர்.ஓ.வின் வடிகட்டிகளை மாற்றிவிடுவது நல்லது.

தினசரி அளவு

தெரு சரியாகும்வரை சம்பு நிறைந்ததும் 1,000 லிட்டருக்கு 8 கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறத்தாழ இரண்டு டீஸ்பூன். முன்போலவே கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் 0.5 மி.கி. அளவு தெரிய வேண்டும். நிறமே வரவில்லை என்றால் தண்ணீர் இன்னும் கெட்டிருக்கிறது, பவுடரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது, முதலில் தெளிய வேண்டும்.

இந்தக் கணக்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கு. மூடை திறந்து கிடக்கும் மளிகைக் கடைப் பவுடர் ஈரம் ஏறிக் கட்டி தட்டியிருந்தால் அதில் சுண்ணாம்பு மட்டுமே மிச்சம். கால் கிலோவாக வாங்கி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். இரும்பு டப்பா ஆகாது.

லாரித் தண்ணீருக்கும் இதே சோதனை பொருந்தும். ஹோஸ் பைப்பின் முனை ரோட்டில் கிடந்து அப்படியே சம்புக்குள் இறங்குவதைக் கவனியுங்கள். முனையைக் கழுவச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தெருமுனைச் சின்டெக்ஸில் குடம் பிடிப்பவர்கள் குழாயடியில் குடத்துக்குள் விரலை விடாமல், வீட்டில் மூடிய பாத்திரத்திலிருந்து கைப்பிடி உள்ள கரண்டியால் எடுத்தாலே பாதித் தொல்லை குறையும்.

புகார்

குடிநீர், பாதாள சாக்கடை இரண்டும் மெட்ரோ வாட்டர்: 1916 அல்லது 044-45674567. மழைநீர் வடிகால் மாநகராட்சி: 1913. மேன்ஹோல் பொங்கினால் முதல் எண், வடிகாலில் அடைப்பு என்றால் கடைசி எண். மாற்றிச் சொன்னால் புகார் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே அலையும்.

'தண்ணி நாறுது' என்று மட்டும் சொன்னால் 'சப்ளை நின்றுவிட்டது, பார்க்க முடியவில்லை' என்று புகாரை மூடிவிட வாய்ப்புண்டு. தண்ணீர் வரும் நேரம், எத்தனை நிமிடம் கலங்கல், எத்தனை வீட்டில், அந்த நேரத்தில் மேன்ஹோலில் தண்ணீர் எவ்வளவு உயரம், பேதி யாருக்காவது உண்டா என்று சொல்லுங்கள். பாட்டில்களை வரிசையாக வைத்த படம் பெரிய உதவி. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், சரியாகும்வரை லாரி அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். மேன்ஹோல் நிரம்பி நிற்பதையும் தனிப் புகாராகப் பதியுங்கள். சாக்கடை மட்டம் இறங்கினாலே கலப்பு பல இடங்களில் நின்றுவிடும், பள்ளம் தோண்டுவதைவிட அடைப்பெடுக்கும் வண்டி சீக்கிரம் வரும்.

டெப்போவில் வேலை ஆகவில்லை என்றால் அடுத்த படி பகுதி அலுவலகம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை அங்கே குறைகேட்புக் கூட்டம் நடக்கும். ஒருவர் போவதைவிட நாலு வீட்டார், நாலு புகார் எண்ணோடு போனால் பள்ளம் தோண்டும் தேதி கிடைக்கும்.

தோண்டும் நாளில் ஒருவர் அருகில் நில்லுங்கள். உடைந்த இணைப்பைக் கிளாம்ப் போட்டு மூடினால் அது எந்த இடம் என்று வாசலிலிருந்து அடிக்கணக்கில் குறித்துவையுங்கள், ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி கசியலாம். பழைய இணைப்பு ஒன்றை அடைக்காமல் மண்ணுக்குள் விட்டிருந்தால் அதையும் அடைக்கச் சொல்லுங்கள். இடித்துப்போட்ட வீடுகளின் கைவிட்ட இணைப்புகள்தான் சாக்கடைக்கு நேர்வழி. பள்ளத்தை மூடிய பிறகும் மூன்று சப்ளை வரை பக்கவழியிலேயே முதல் தண்ணீரைப் பிடியுங்கள். மூன்றாவது முறை, முதல் நொடியில் பிடித்த பாட்டிலிலேயே மஞ்சள் நிறம் வந்தால், சம்பில் பவுடர் போடுவதை நிறுத்தலாம். பக்கவழி வால்வு அப்படியே இருக்கட்டும்.